வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், கடைக் கணக்கும் அதில்தான்: பிள்ளைகள் என்ன பார்க்கலாம், எவ்வளவு நேரம் என்று கட்டுப்படுத்த எந்த பேரண்டல் கண்ட்ரோல் போடுவது?

பாலக்கோடு உரக்கடை | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரே ஒரு டெஸ்க்டாப், விண்டோஸ் 11. பகலில் டேலி கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி எல்லாம் அதில் ஓடும். சாயங்காலம் பிள்ளைகள் கைக்குப் போய்விடும். மகள் ஒன்பதாவது, மகன் ஐந்தாவது. அவளுக்கு யூடியூபில் கணக்குப் பாடம் பார்க்க வேண்டும், அவனுக்கு ரோப்ளாக்ஸ் கேம். தக்காளி வரத்து நேரத்தில் நானும் மனைவியும் கடையை விட்டு நகர முடியாது. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை.

போன வாரம் தானாக ஒரு ஜன்னல் திறந்து அசிங்கமான படமெல்லாம் வந்தது என்று மகனே வந்து சொன்னான். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவரைக் கேட்டேன். ஆன்டிவைரஸோடு பேரண்டல் கண்ட்ரோலும் சேர்ந்தே வருகிறது, வருடத்துக்கு ஒரு தடவை பணம் கட்டினால் போதும் என்கிறார். வாங்கலாமா, இலவசமாக ஏதாவது இருக்கிறதா? எதைப் போட்டாலும் பில்லிங் கெடக்கூடாது.

ஓசூர் செகண்ட் ஷிப்ட் | ஞாயிறு, இரவு 11.50

வணக்கம் அண்ணா. இப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தேன். வாங்குவதற்கு முன்னால் சில கேள்விகள். கம்ப்யூட்டரைப் போட்டதும் பாஸ்வேர்ட் கேட்கிறதா? உள்ளே எத்தனை யூசர் இருக்கிறது? நெட் யார் கொடுக்கிறார்கள், ரவுட்டர் யார் வைத்தது? அந்த ஜன்னல் திறந்தபோது பையன் எந்த சைட்டில் இருந்தான்?

பாலக்கோடு உரக்கடை | திங்கள், காலை 6.45

பாஸ்வேர்ட் கிடையாது, ஆன் செய்தால் நேராக உள்ளே போய்விடும். ஒரே யூசர்தான். "அட்மின்" என்று பெயர் காட்டுகிறது, சர்வீஸ்காரர் போட்டுக் கொடுத்தது. நெட் எங்கள் ஊர் கேபிள் டிவிக்காரர் கொடுக்கும் ஃபைபர், ரவுட்டரும் அவர் வைத்ததுதான். பையன் ஏதோ புதுப்படம் ஓசியில் பார்க்கும் சைட்டில் இருந்திருக்கிறான். அக்காதான் தேடிக் கொடுத்தாளாம். அவளைக் கேட்டால் அவன்தான் தேடினான் என்கிறாள்.

கிருஷ்ணகிரி மாங்கா மண்டி | திங்கள், காலை 7.30

அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனாலும் தீராது, விட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் எதற்கு? கம்ப்யூட்டரைத் தூக்கி ஹாலில் வையுங்கள், திரை வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும். ஆளில்லாத நேரத்தில் கீபோர்டைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது. உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டில் பூட்டு பிள்ளைகளுக்கு இல்லை, ராத்திரி முழுக்க ரம்மி ஆடிக்கொண்டிருந்த மைத்துனருக்கு. 2025இல் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டையே தடை செய்து சட்டம் போட்டதும்தான் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி. இப்போதும் ஏதோ வெளிநாட்டு சைட்டைத் தேடுகிறார் என்று சந்தேகம்.

ஓசூர் செகண்ட் ஷிப்ட் | திங்கள், காலை 11.10

மாங்கா மண்டி அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஹாலில் வைப்பது நல்லதுதான். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் கடையில் இருக்கும்போது அந்த ஹாலில் யார் இருக்கப் போகிறார்கள்? கீபோர்டைப் பூட்டினால் அந்தப் பெண் படிப்பது எப்படி?

உரக்கடை அண்ணா, சாஃப்ட்வேர் பெயரை அப்புறம் பார்க்கலாம். இப்போது உங்கள் வீட்டில் ஐந்தாவது படிக்கும் பையன் உட்பட எல்லோருமே அட்மின், எதையும் மாற்றும் அதிகாரம் உண்டு. அந்த நிலையில் எதை வாங்கிப் போட்டாலும், பூட்டையும் மாட்டி அதைக் கழற்றும் ஸ்குரூடிரைவரையும் பக்கத்திலேயே வைத்த கதைதான்.

அதனால் முதல் வேலை யூசர்களைப் பிரிப்பது. தொடங்கும் முன் டேலி டேட்டாவை ஒரு பென்டிரைவில் பேக்கப் எடுத்துவிடுங்கள். இப்போதுள்ள அட்மின் யூசருக்கு உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்ட் போடுங்கள். அப்புறம் கடைக்கு ஒரு யூசர், மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மூன்றும் ஸ்டாண்டர்ட் யூசராக, அதாவது முக்கிய செட்டிங்கை மாற்றும் அதிகாரம் இல்லாத யூசராக இருக்க வேண்டும். கடை யூசருக்கும் பாஸ்வேர்ட் கட்டாயம். டேலி டேட்டா இருக்கும் ஃபோல்டரைப் பிள்ளைகளின் யூசரிலிருந்து திறக்க முடியாதபடி பெர்மிஷனை மாற்றுங்கள். டேலிக்குள்ளேயே கம்பெனிக்கு யூசர் பெயர், பாஸ்வேர்ட் வைக்கும் வசதி இருக்கிறது, அதையும் போட்டுவிட்டால் பில்லிங் பக்கம் யாரும் வர மாட்டார்கள்.

இரண்டாவதுதான் கண்ட்ரோல். விண்டோஸ் 11 என்றால் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. தனியாகப் பணம் வேண்டாம். பிள்ளைக்கு ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தொடங்கி, அதை உங்கள் ஃபேமிலி குரூப்பில் சேர்த்து, அந்த அக்கவுண்ட் வழியாகவே பிள்ளை கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். சாதாரண லோக்கல் யூசருக்கு இது வேலை செய்யாது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

என்ன கிடைக்கும்? எந்தக் கிழமை எத்தனை மணி நேரம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் என்று வைக்கலாம். ரோப்ளாக்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் என்றும் வைக்கலாம். நேரம் முடிந்தால் பிள்ளை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கும், அது உங்கள் போனுக்கு வரும், கடையில் இருந்தபடியே சரி என்றோ முடியாது என்றோ தட்டலாம். வாரத்துக்கு ஒரு தடவை என்ன பார்த்தார்கள் என்று மெயிலில் அறிக்கையும் வரும்.

என்ன கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சைட் ஃபில்டர் எட்ஜ் பிரவுசரில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் ஃபில்டரைப் போட்டதும் க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை அந்தப் பிள்ளையின் யூசரில் திறக்காது. கோளாறு என்று நினைத்து சர்வீஸ்காரரைக் கூப்பிடாதீர்கள், அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். யூடியூபுக்கு உள்ளே எந்த வீடியோ ஓடுகிறது என்பதையும் இது தடுக்காது. யூடியூபைத் திறந்து விடலாம் அல்லது மொத்தமாக மூடலாம், அவ்வளவுதான்.

சர்வீஸ்காரர் சொன்னதும் தவறில்லை. நம்ம சென்னை கே7, புனேயின் குவிக் ஹீல் ஆன்டிவைரஸ் இரண்டிலும் டோட்டல் செக்யூரிட்டி வாங்கினால் பேரண்டல் கண்ட்ரோல் சேர்ந்தே வரும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். இதற்காகவே புதிதாக வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். அதிலும் விதியை எந்த யூசருக்குப் போடுவது என்ற கேள்வி வரும். ஒரே யூசர் வைத்திருந்தால் உங்கள் ஜிஎஸ்டி வேலைக்கும் சேர்த்துத்தான் மணி அடிக்கும்.

அரூர் டீச்சர் | திங்கள், மாலை 5.40

அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தம்பி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உரக்கடை சார், உங்கள் ஜிமெயிலை யார் உருவாக்கியது? அதன் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர், "மெயில் எல்லாம் பொண்ணுதான் பாத்துக்குது டீச்சர்" என்பார்கள். ஓடிபி வரும் போனும் பிள்ளை கையில் இருக்கும். அப்பா பெயரில் இருக்கும் அக்கவுண்டை இயக்குவது பிள்ளை. அந்த அக்கவுண்டைக் கண்ட்ரோல் அக்கவுண்டாகப் போட்டால், நேரம் வேண்டும் என்று கேட்பதும் அவள், கொடுப்பதும் அவள்.

பாலக்கோடு உரக்கடை | திங்கள், இரவு 9.05

டீச்சர், நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள். மகள்தான் உருவாக்கினாள். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாளாம், நோட்டு எங்கே என்று தெரியவில்லை. என் மனைவி பெயரில் புதிதாக ஒரு மெயில் தொடங்கி, அவள் போன் நம்பரோடு இணைத்துவிடலாம் என்று நினைக்கிறோம். அந்தப் போன் கடையிலேயே இருக்கும்.

அரூர் டீச்சர் | திங்கள், இரவு 9.30

அதுதான் சரி. அம்மா போனின் திரைப் பூட்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

யூடியூபுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் உண்மையான தலைவலி அங்கேதான். மகள் பாடத்துக்காகத் திறப்பாள், அடுத்த வீடியோ, அதற்கடுத்து ஷார்ட்ஸ் என்று போகும். ரெஸ்ட்ரிக்டட் மோட் என்று ஒன்று இருக்கிறது. போட்டால் பெரியவர்களுக்கான வீடியோக்கள் பெரும்பாலும் மறையும், கமெண்ட்டுகள் சுத்தமாகத் தெரியாது. தமிழ் வீடியோக்களுக்குக் கீழே நடக்கும் சாதிச் சண்டையையும் கெட்ட வார்த்தையையும் பார்த்தவர்களுக்கு அந்த ஒன்றுக்காகவே இதைப் போடத் தோன்றும்.

ஆனால் அது வீடியோவின் தலைப்பு, விவரக்குறிப்பு, வயது வரம்பு போன்றவற்றைப் பார்த்து முடிவு செய்கிறது. அதனால் பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் இனப்பெருக்கப் பாடத்துக்கு நல்ல விளக்க வீடியோகூடச் சில சமயம் மறைந்துவிடலாம். தமிழில் இரட்டை அர்த்தத்தில் தலைப்பு வைத்த வீடியோ ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளிலும் இதே கதைதான் என்று அங்கே வேலை பார்க்கும் தோழி சொல்கிறார். அதனால் பாட வீடியோக்களை நான் பிளேலிஸ்ட்டாகப் போட்டு லிங்க் மட்டும் அனுப்புகிறேன். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியிலும் பாட வாரியாக அனிமேஷன் வீடியோக்கள் இருக்கின்றன. ஒன்பதாவது பெண்ணுக்கு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு? ஐந்தாவது படிக்கும் பையனுக்குக் கம்ப்யூட்டரில் யூடியூபே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மற்ற சைட்டுகளையும் திறந்து விடாமல், நீங்கள் அனுமதித்த பட்டியலில் இருப்பவை மட்டும் திறக்கும்படி வைக்கலாம். ஃபேமிலி சேஃப்டியில் அந்த வசதி உண்டு.

பிளஸ்டூ பயாலஜி | திங்கள், இரவு 11.15

டீச்சர், அண்ணா எல்லோரும் மன்னிக்கவும். நான் நீட்டுக்குப் படிக்கிறேன், இந்த நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள்.

எங்கள் வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு உதவும். வீட்டு வைஃபையில் தடுத்தால் பாட்டியின் போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போடுவோம். தினமும் மீந்து போகிற டேட்டா அது, யாரும் கேட்க மாட்டார்கள். பிரவுசரைத் தடுத்தால், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத போர்ட்டபிள் பிரவுசரைப் பென்டிரைவில் வைத்துத் திறப்பார்கள். பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனாக, தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் போடுவார்கள். கணக்கு வாத்தியார் பெயரில் ஃபோல்டர் வைத்து அதற்குள் கேம் இருக்கும். ஒருவன் வீட்டில் கம்ப்யூட்டரின் நேரத்தை மாற்றியே மணிக்கணக்கில் விளையாடினான், அவன் அட்மினாக இருந்ததால் முடிந்தது.

டெலிகிராம் பற்றி யாரும் சொல்லவில்லை. புதுப்படம் எல்லாம் இப்போது அங்கேதான் வருகிறது. சைட்டைத் தடுக்கும் ஃபில்டருக்கு டெலிகிராமுக்குள் இருக்கும் குரூப் தெரியாது.

ஆனால் ஒன்பதாவது படிக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியும் என்று நினைத்து இப்போதே ஜெயில் மாதிரி வைக்காதீர்கள். தெரியாததை எல்லாம் தேடத் தொடங்குவோம்.

கிருஷ்ணகிரி மாங்கா மண்டி | செவ்வாய், காலை 6.20

தம்பி, ஃபோல்டர் விஷயத்துக்கு நன்றி. இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

ஓசூர் செகண்ட் ஷிப்ட் | செவ்வாய், காலை 10.45

பிளஸ்டூ தம்பி சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டாண்டர்ட் யூசரே பதில். கம்ப்யூட்டர் நேரத்தை ஸ்டாண்டர்ட் யூசரால் மாற்ற முடியாது. தெரியாத பிரவுசர் திறந்தால் வார அறிக்கையில் அதன் பெயர் வரும், அங்கிருந்தே தடுத்துவிடலாம்.

ஹாட்ஸ்பாட் பற்றிச் சொன்னதால் ரவுட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பலர் ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றினால் போதும் என்பார்கள். ஒரு சைட்டின் பெயரைத் தட்டினால் அதற்கான எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். ஆபாச சைட்டுகளுக்கு முகவரியே தராத டிஎன்எஸ் சேவைகள் இலவசமாக இருக்கின்றன. கிளவுட்ஃபிளேர் 2020இல் தொடங்கிய குடும்பங்களுக்கான சேவைக்கு 1.1.1.3, 1.0.0.3 ஆகிய இரண்டு எண்கள். கிளீன்பிரவுசிங் ஃபேமிலி ஃபில்டருக்கு 185.228.168.168, 185.228.169.168. இந்த இரண்டாவது இன்னும் கறார். கூகுள், பிங் தேடலையும் யூடியூபையும் சேஃப் மோடில் வைத்துவிடும், விபிஎன், பிராக்ஸி சைட்டுகளையும் தடுக்கும்.

உங்கள் ரவுட்டர் கேபிள்காரருடையது, அதன் அட்மின் பாஸ்வேர்டும் அவரிடம்தான் இருக்கும். கேட்டுப் பாருங்கள், சிலர் தாங்களே மாற்றித் தருவார்கள். தராவிட்டால் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கிலேயே இந்த எண்களைப் போட்டுவிடலாம். வைஃபை, கேபிள் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஐபிவி6 என்ற புதுவகை முகவரி முறை இருந்தால் அதற்கும் சேர்த்து. ஸ்டாண்டர்ட் யூசரால் இதை மாற்ற முடியாது. கம்ப்யூட்டரிலேயே எல்லா வைஃபைக்கும் பொதுவாகப் போட்டுவிட்டால் அதே வைஃபை கார்டில் பாட்டியின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்தாலும் இந்த டிஎன்எஸ்தான் வேலை செய்யும். அந்த வகையில் ரவுட்டரை விட இதுவே மேல். ஆனால் போன்களுக்கு இது உதவாது. பிள்ளைகள் பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு போனுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் தனியாகப் போட வேண்டும். ஃபேமிலி லிங்க் போட்டால் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் நேரக் கட்டுப்பாடு வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், வராது.

ஓட்டை ஒன்று இருக்கிறது. பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ் என்று ஒரு செட்டிங். அதில் போய் வேறு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் டிஎன்எஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். எட்ஜிலும் க்ரோமிலும் அட்மின் அதை மூடி வைக்க முடியும், வேண்டுமானால் எப்படி என்று தனியாக எழுதுகிறேன்.

இன்னொன்று. உங்கள் பையனுக்குத் தானாகத் திறந்த ஜன்னல் இருக்கிறதே, அது அந்த ஓசிப்பட சைட்டின் விளம்பரம். ஒரு நல்ல விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன், உதாரணமாக யூபிளாக் ஆரிஜின் லைட், பிள்ளைகள் இருவரின் எட்ஜிலும் போடுங்கள். பேரண்டல் கண்ட்ரோல் வேண்டும் என்று நாம் கேட்கும் காரணங்களில் பாதி அதிலேயே போய்விடும். உங்கள் கடை யூசரிலும் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

காவேரிப்பட்டணம் அம்மா | செவ்வாய், மதியம் 2.30

எல்லோரும் சைட்டைத் தடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் பதினொன்றாவது. எனக்கு அவள் யாரோடு பேசுகிறாள் என்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப் வெப், இன்ஸ்டாகிராம் மெசேஜ், டைப் செய்வது எல்லாம் அம்மா போனுக்கு வரும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், அவளுக்குத் தெரியாமலே ஓடுமாம். அது நல்லதா?

ஓசூர் செகண்ட் ஷிப்ட் | செவ்வாய், மதியம் 3.00

வேண்டாம் அக்கா. டைப் செய்வதை எல்லாம் பதிவு செய்து வெளியே அனுப்பும் சாஃப்ட்வேர் என்றால், உங்கள் பேங்க் பாஸ்வேர்டும் அதே கம்ப்யூட்டரில்தானே டைப் ஆகிறது? அது போய்ச் சேரும் கம்பெனி அதை எப்படி வைத்திருக்கும்? டீன்சேஃப் என்ற கண்காணிப்புச் செயலியின் சர்வர் 2018இல் பூட்டே இல்லாமல் திறந்து கிடந்தது. பிள்ளைகளின் ஆப்பிள் ஐடியும் பாஸ்வேர்டும் அப்படியே படிக்கும்படி வெளியே வந்தன. எம்ஸ்பை என்ற செயலியின் தகவல்கள் ஒரு தடவைக்கு மேல் கசிந்திருக்கின்றன. பிள்ளையைக் காப்பாற்ற வாங்கியதே பிள்ளையின் ரகசியத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது. இவற்றின் கிராக் செய்த காப்பியை எங்கிருந்தோ இறக்கிப் போடுவது இன்னும் மோசம்.

காவேரிப்பட்டணம் அம்மா | செவ்வாய், மதியம் 3.20

தம்பி, உங்களுக்குச் சொல்வது சுலபம். எங்கள் தெருவில் ஒரு பெண்ணிடம் இன்ஸ்டாகிராமில் பழகி போட்டோ வாங்கி மிரட்டியிருக்கிறான் ஒருவன். வீட்டுக்குத் தெரிவதற்குள் மாதக் கணக்கில் ஆகிவிட்டது. பெண் பிள்ளையை வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

அரூர் டீச்சர் | செவ்வாய், மாலை 6.10

அக்கா, உங்கள் பயம் நியாயம்தான். இந்த மாதிரி விஷயம் என் மாணவிகளுக்கும் நடந்திருக்கிறது. நான் பார்த்தவரை, அந்தப் பெண்கள் சீக்கிரம் சொல்லாததற்குக் காரணம் வீட்டில் அடி விழும், போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள் என்ற பயம். மறைந்திருந்து படிக்கிறீர்கள் என்று ஒரு நாள் அவளுக்குத் தெரிந்துவிட்டால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். அப்புறம் தோழியின் போனில் பேசுவாள், அது உங்கள் சாஃப்ட்வேருக்கு எட்டாது.

அந்தத் தெருப் பெண் விஷயத்துக்கு: 1098 குழந்தைகள் உதவி எண் எல்லா நேரமும் இயங்குகிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலே பதியலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்துக்குள் வரும். பணம் பறித்திருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930. படம் வெளியே பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை, அதன் அடையாளக் குறியீடு மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாகி, இதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்களுக்குப் போகும். மிரட்டுபவனின் மெசேஜ்களை அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த எண்களை மகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள், தேவை வரும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

காவேரிப்பட்டணம் அம்மா | செவ்வாய், இரவு 8.45

எண்களைக் குறித்துக்கொண்டேன், அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் கொடுக்கிறேன். மறைந்திருந்து படிப்பது பற்றி எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ஆனால் பேங்க் பாஸ்வேர்ட் விஷயம் யோசிக்க வைக்கிறது. இப்போதைக்கு வார அறிக்கையை மட்டும் போட்டு, அவளுக்கும் அதைக் காட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

பென்னாகரம் பழைய லேப்டாப் | புதன், காலை 8.00

விண்டோஸ்காரர்கள் மட்டும்தான் பிள்ளை வளர்க்கிறார்களா? எங்கள் வீட்டில் இருப்பது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப், தங்கச்சி பிளஸ்டூ படிக்கும்போது வந்தது. பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து வந்ததே, அந்தக் காலத்து மாடல். அதில் இப்போது லினக்ஸ் மட்டும் போட்டு அக்கா பையனுக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் இப்படிப்பட்ட மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

டைம்கேபிஆர் நெக்ஸ்ட் என்று ஒரு கருவி இருக்கிறது, இலவசம். யூசர் வாரியாக, நாள் வாரியாக நேரம் வைக்கலாம், முடிந்ததும் வெளியே தள்ளிவிடும். லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பிலேயே பேரண்டல் கண்ட்ரோல் இருக்கிறது, எந்தச் செயலியைத் திறக்கலாம், புதிதாக இன்ஸ்டால் செய்யலாமா என்று யூசருக்கு யூசர் முடிவு செய்யலாம். சைட்டைத் தடுக்க ஓசூர் தம்பி சொன்ன டிஎன்எஸ் போதும். வார அறிக்கை மட்டும் கிடையாது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை, பையன் என்ன பார்த்தான் என்று கேட்டால் தானே கதை கதையாகச் சொல்வான்.

ரோப்ளாக்ஸ் லினக்ஸில் நேராக ஓடாது. அதைக் குறை என்று சொல்பவர்கள் சொல்லட்டும், அக்காவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

பாலக்கோடு உரக்கடை | வியாழன், இரவு 10.10

நேற்று ராத்திரி உட்கார்ந்து முடித்துவிட்டோம். டேலி பேக்கப் எடுத்து, நான்கு யூசராகப் பிரித்து, மனைவியின் புது மெயிலில் ஃபேமிலி குரூப் தொடங்கியாகிவிட்டது. மகன் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, அதில் ரோப்ளாக்ஸ் ஒரு மணி நேரம். மகளுக்கு ஒன்பதரை வரை. யூடியூப் அவளுக்கு உண்டு, அவனுக்கு இல்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேதான் போட்டோம். மகள் கேட்ட ஒரே கேள்வி, பரீட்சை நேரத்தில் பத்தரை ஆக்குவீர்களா என்பது. சரி என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ரோப்ளாக்ஸில் அவனோடு முன்பின் தெரியாதவர்கள் பேசுவதை எப்படி நிறுத்துவது? அப்புறம், சர்வீஸ்காரர் டேலி அப்டேட்டுக்கு, தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க்கில் வருவார், இனி அட்மின் பாஸ்வேர்டைக் கேட்பாரே?

ஓசூர் செகண்ட் ஷிப்ட் | வெள்ளி, நள்ளிரவு 12.20

ரோப்ளாக்ஸில் பெற்றோருக்கென்று தனி அக்கவுண்ட் தொடங்கி மகனின் அக்கவுண்டோடு இணைக்கலாம், 2024 நவம்பரில் கொண்டுவந்த வசதி. அதில் நேரம், செலவு, யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் உங்கள் போனிலிருந்தே வைக்கலாம். ஆனால் அவன் அக்கவுண்ட் தொடங்கும்போது பிறந்த வருடத்தை என்ன கொடுத்தான் என்று முதலில் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் பதினெட்டு வயது என்று கொடுத்திருப்பார்கள், அப்படி இருந்தால் சிறுவர்களுக்கான தடைகள் பல வராமல் போகலாம். தப்பாக இருந்தால் திருத்துங்கள், முடியாவிட்டால் புது அக்கவுண்ட்.

சர்வீஸ்காரரிடம் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டாம். அப்டேட் செய்யும்போது பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி வரும், அந்த நேரத்தில் நீங்களே உட்கார்ந்து தட்டுங்கள். தொலைவிலிருந்து வருபவருக்கு அந்தப் பெட்டி சில சமயம் தெரியாது, திரை கறுத்துவிட்டது என்பார், அது சகஜம். எனிடெஸ்க்கில் ஆளில்லாமலே உள்ளே வர நிரந்தரப் பாஸ்வேர்ட் போட்டு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் நாளைக்கே செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்த விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில், டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் பாருங்கள். ஆகியிருந்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் எண்ணான ரிகவரி கீயை, அது எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேர்ந்திருக்கிறதோ அதில் போய் எடுத்து, தாளில் எழுதிக் கடைக் கல்லாவில் வையுங்கள். ஏதாவது ரிப்பேரில் அந்த எண்ணைக் கேட்டு, அது கையில் இல்லாவிட்டால் டேலி டேட்டாவும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பாலக்கோடு உரக்கடை | வெள்ளி, காலை 7.15

பார்த்துவிட்டேன், ஆன் ஆகித்தான் இருக்கிறது. மகனுக்குப் பிறந்த வருடம் 1999 என்று போட்டிருக்கிறான்.